பால்டிக் கரையில் ஆம்பர்: பொறுக்கிப் பிழைக்க முடியுமா?

அக்டோபர் 14, வாசகர் கேள்வி

லித்துவேனியா கடற்கரையில் நடந்தாலே காலில் ஆம்பர் (நகை செய்கிற பழைய மரப்பிசின்) இடறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். யுவட்கிராந்தே என்ற சின்ன மீனவ ஊரைக் காட்டினார்கள். பழைய மர வீடுகள், வாசலிலேயே தண்ணீர், சத்தமே இல்லை. காலங்காலமாக அந்த ஊரே ஆம்பர் பொறுக்கித்தான் பிழைக்கிறதாம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், உண்மைதானா? போனால் கிடைக்குமா?

அக்டோபர் 14, இரவு

காலில் இடறுவது பைன் காய்தான்.

நான் துறைமுக நகரமான கிளைப்பெடாவில் வேலை பார்க்கிறேன். அந்த ஊர் எனக்கு அக்கரை. படகேறி ஸ்மில்டினேயில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. பிழைப்பு என்றால் கோடையில் அறை வாடகை, சைக்கிள் வாடகை, புகையில் வாட்டிய மீன், சூனியக்காரிகள் குன்றில் மரச் சிற்பம் பார்க்க வரும் கூட்டம். கடைகளில் ஆம்பர் மாலை தொங்கும். அதை விற்கிறவர்கள் பொறுக்கியவர்கள் அல்ல, வாங்கி விற்பவர்கள்.

அப்புறம், வீடியோவில் வீட்டு வாசலில் தெரிந்த தண்ணீர் கடல் அல்ல, காயல். குரோனியன் மணல்திட்டு என்பது 98 கிலோமீட்டர் நீள மணல் கீற்று. வடக்கே 52 கிலோமீட்டர் லித்துவேனியாவுடையது, மீதி ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதி. அகலம் சில இடங்களில் வெறும் 400 மீட்டர். கிழக்கே காயல், மேற்கே பால்டிக். ஊர்கள் எல்லாம் காயல் பக்கம் பார்த்தே உட்கார்ந்திருக்கின்றன. கடல் வேண்டும் என்றால் காட்டைத் தாண்டி நடக்க வேண்டும்.

பொறுக்கிப் பிழைக்க முடியாது. பொறுக்கலாம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

அக்டோபர் 16

சரி, எப்படிக் கரைக்கு வருகிறது?

ஆம்பர் 4 கோடி ஆண்டுகளுக்கும் பழைய மரப்பிசின். கலினின்கிராட் பக்கம் சாம்லாந்து தீபகற்பத்தின் அடியில் 'நீல மண்' என்று ஓர் அடுக்கு இருக்கிறது. நீலம் என்பது சும்மா பேச்சுக்கு. நிறம் என்னவோ சாம்பல் கலந்த பச்சை. சரக்கு முழுக்க அதில்தான். அந்த அடுக்கு கடலுக்கடியிலும் நீள்கிறது. பெரும் புயல் வந்தால் அதைக் கிண்டிவிடும். நீரோட்டம் வடக்கே தள்ளும். மணல்திட்டு நெடுக, கிளைப்பெடா, பலாங்கா வரை வந்து சேரும்.

மிதந்து வருகிறதா, உருண்டு வருகிறதா என்றால் இரண்டும் இல்லாத ஒரு நிலை. பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இங்கே கரையோரம் 7 கிராம் இருந்தாலே அதிகம். அந்தத் தண்ணீரில் ஆம்பர் மூழ்கும். ஆனால் கொஞ்சம்தான் கனம் கூடுதல், ஆகவே அலை கலக்கிவிட்டால் எழும்பி நடுத்தண்ணீரில் அலையும். குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கொஞ்சம் கூடும், அதுவும் உதவி. அதனால்தான் அக்டோபரிலிருந்து மார்ச் வரை பருவம். ஜூலையில் நீச்சல் உடையோடு வந்து தேடுபவர்கள் வெயில் காயலாம்.

கூடவே வருவது: பாசி, ஊறிப்போன குச்சி, கரித்துண்டு, மக்கிய மரத்தூள். எல்லாம் ஏறத்தாழ ஒரே கனம், ஆகவே அலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும். கரையில் முதலில் தேட வேண்டியது அந்தக் கருப்புக் குப்பையை. சுத்தமான வெள்ளை மணலில் எவ்வளவு குனிந்தாலும் முதுகுவலிதான் மிச்சம்.

மேல்காற்று பலமாக அடித்து ஓயும் நேரம் முக்கியம். அடிக்கும்போதே போனால் கண்ணில் மணல். மறுநாள் மத்தியானம் போனால் உங்களுக்கு முன்னால் ஊரே வந்து போயிருக்கும்.

அக்டோபர் 17

"ஆம்பர் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்காதா, தூத்துக்குடியில் பிடித்தார்களே?" என்று கேட்டவருக்கு.

அது திமிங்கிலக் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். இது பிசின். குங்கிலியத்துக்கு ஒன்றுவிட்ட கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கிலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அக்டோபர் 22

போலீஸ் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று இந்தக் கரையில் ஒதுங்கியதைக் கையால் பொறுக்கினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கரையின் வரலாற்றில் நெடுங்காலம் நிலைமை அப்படி இல்லை.

டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானியத் துறவி வீரர்கள் 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைப் பக்கத்துப் பிரஷ்யாவைப் பிடித்தபின், கடல் ஒதுக்கும் ஆம்பர் முழுவதும் சபையின் சொத்து ஆகிவிட்டது. மீனவன் பொறுக்கலாம், இல்லை, பொறுக்கியே ஆக வேண்டும். ஆனால் ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒப்படைத்தால் கூலியாகக் கிடைப்பது உப்பு. மீனைப் பதப்படுத்த உப்பு இல்லாமல் அந்த மக்களால் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்று சபைக்கு நன்றாகத் தெரியும். கருவாடு போடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஒளித்து வைத்தால் தூக்கு. கரையிலேயே தூக்குமரம் நட்டிருந்தார்கள். கரையைக் காவல் காக்கக் குதிரை வீரர்கள். பிற்காலத்தில் கடற்கரைக் குடிமக்கள் எல்லாரும் சத்தியமே செய்ய வேண்டியிருந்தது: நான் எடுக்க மாட்டேன், எடுப்பவனைக் கண்டால் சொல்லிவிடுவேன் என்று.

பொறுக்கிய ஆம்பர் எங்கே போனது? புரூஜ், லூபெக் நகரங்களில் ஜெபமாலை செய்யும் கைவினைச் சங்கங்களுக்கு. கரையிலேயே ஒரு பட்டறை இருந்தால் திருட்டுச் சரக்குக்கு விலைபோக வழி கிடைத்துவிடுமே, அதனால் உற்பத்தி செய்யும் ஊரில் தொழில் வளர விடவில்லை. கெட்டிக்காரர்கள்.

சாம்லாந்தில் ஒரு கதை உண்டு. அன்செல்ம் என்று ஓர் அதிகாரி, ஆம்பர் எடுத்தவர்களை விசாரணையே இல்லாமல் தூக்கிலிட்டவன். செத்தபின் அவன் ஆவிக்கு நிம்மதி இல்லை. புயல் இரவுகளில் கரை நெடுக ஓடி "கடவுளே, ஆம்பரை விட்டுவிடுங்கள், ஆம்பர் எல்லாருக்கும்!" என்று கத்துமாம். உயிரோடு இருக்கும்போது கத்தியிருக்கலாம்.

அக்டோபர் 23

ஒருவர் கேட்கிறார்: எப்போது விட்டார்கள்?

ஒரே நாளில் விடவில்லை. சபை போய் 1525இல் கோமகன் ஆட்சி வந்தது. உரிமை கோமகனுக்கு. அவர் டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) வணிகக் குடும்பத்துக்குக் குத்தகை விட்டார். கைமாறிக் கைமாறி, 1837இல் சாம்லாந்துக் கடற்கரை ஊர்களுக்கே குத்தகைக்குக் கிடைத்தது. அதாவது தங்கள் வாசலில் ஒதுங்குவதைப் பொறுக்கத் தாங்களே பணம் கட்டும் உரிமை.

அக்டோபர் 29

நேற்று இரவெல்லாம் மேல்காற்று. காலையில் கிளைப்பெடாவுக்கு வடக்கே கார்க்லே பக்கம் போனேன். எனக்கு முன்பே ஆட்கள்.

பெரியவர் ஒருவர் நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டை போட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கையில் நீண்ட கழி, நுனியில் இரும்பு வளையம், அதில் வலைப்பை. அலை பின்வாங்கும்போது அவர் எதுவும் செய்யவில்லை. அடுத்த அலை மடங்கும் இடத்தில் தண்ணீர் கருப்பாகத் திரண்டது. வலையை அதன் அடியில் கொடுத்துத் தூக்கி, திரும்பி நடந்து வந்து கரையில் கவிழ்த்தார். ஒரு குவியல் பாசியும் குச்சியும். மனைவியாக இருக்க வேண்டும், ஓர் அம்மாள் மண்டியிட்டு அந்தக் குவியலைச் முள்கரண்டி போன்ற சின்ன வாருகோலால் கீறிப் பரப்பினார். அந்த விரல்களின் வேகம்! குச்சி, குச்சி, சிப்பி, கரி, குச்சி, ஆம்பர். எனக்கு ஆம்பரும் சிப்பியும் ஒன்றாகத் தெரிந்த இடத்தில் அவர் கை தயங்கவே இல்லை.

பக்கத்தில் நின்று பார்த்ததால் ஒரு துண்டைக் கையில் தந்தார். கடையில் பார்க்கும் தேன் நிறமும் பளபளப்பும் இல்லை. மேலே செதில் மாதிரி தோல், நடுவில் ஒரு குழி. அழுக்கு வெல்லக் கட்டியை நாய் கடித்துப் போட்டது போல இருந்தது. ஆனால் உள்ளங்கையில் வைத்தால் சில்லென்று இல்லை. கூழாங்கல் குளிரும், இது குளிராது. அவ்வளவு எடையும் இல்லை. கண்ணால் பார்ப்பதற்கு முன் கை சொல்லிவிடுகிறது.

காலை முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு ஜாம் பாட்டிலின் அடியை மூடும் அளவு. விற்பீர்களா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். வீட்டில் ஜன்னல் ஓரம் பாட்டில் பாட்டிலாக இருக்கிறதாம்.

எனக்குக் கிடைத்தது பயறு அளவில் சில. பொறுக்கிப் பிழைப்பு என்று கேட்டவர் குறித்துக்கொள்ளவும்.

அக்டோபர் 30, அவசரம்

நேற்று எழுத மறந்ததைக் கட்டாயம் படியுங்கள். பொறுக்கியதைச் சட்டைப்பையில் போடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போரின் தீக்குண்டுகளில் இருந்த வெள்ளைப் பாஸ்பரஸ் இன்னும் பால்டிக் கடலடியில் கிடக்கிறது. ஜெர்மனியின் உசெடோம் தீவு, லாட்வியாவின் லியெபாயா கரைகளில் அது ஒதுங்குவது தெரிந்த விஷயம். பார்க்க அச்சு அசல் ஆம்பர், அதே மஞ்சள், அதே அளவு. ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். பையில் காய்ந்து, உடம்புச் சூட்டில் 30 டிகிரியைத் தொட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். சுடர் 1300 டிகிரி வரை போகும். தண்ணீர் ஊற்றினால் அணைந்தது போல இருந்து, காய்ந்ததும் மறுபடி எரியும். தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே தகர டப்பாவோ கண்ணாடி பாட்டிலோ கொண்டுபோங்கள், உடம்பை விட்டுத் தள்ளி வையுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

நவம்பர் 5

மறுபடி யுவட்கிராந்தே. "அமைதியான ஊர்" என்பதைப் பற்றி.

1850களில் காயலில் கப்பல் போக ஆழப்படுத்தினார்கள். தோண்டிய சேற்றில் ஆம்பர். மேமலில் (இன்றைய கிளைப்பெடா) இரண்டு பேருக்கு மூக்கில் வியர்த்தது: ஸ்டான்டீன், பெக்கர். 1860களின் தொடக்கத்தில் பிரஷ்ய அரசிடம் போய், ஆழப்படுத்தும் வேலையை எங்கள் செலவில் செய்கிறோம், அதற்கு மேல் உங்களுக்குப் பணமும் தருகிறோம், கிடைக்கும் ஆம்பர் மட்டும் எங்களுக்கு என்றார்கள். எந்த அரசு வேண்டாம் என்று சொல்லும்?

அதன்பின் அந்தக் காயலோரம் நீராவித் தூர்வாரிகள், கொட்டகைகள், நூற்றுக்கணக்கான கூலிகள். நல்ல ஆண்டுகளில் 75 டன் வரை எடுத்தார்கள் என்று கணக்கு. கரையில் வலை போட்டு ஜாம் பாட்டிலின் அடியை மூடும் அந்த அம்மாளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றாண்டு முடிவதற்குள் சரக்கு குறைந்தது. கம்பெனி சாம்லாந்தின் பால்ம்னிக்கனில் ஏற்கெனவே சுரங்கம் போட்டிருந்தது, கவனம் முழுக்க அங்கே போனது. 1899இல் அந்தத் தொழிலைப் பிரஷ்ய அரசே வாங்கிக்கொண்டது.

யுவட்கிராந்தேவுக்கு மிஞ்சியது கடலோரக் காற்று வாங்க வரும் விருந்தாளிகளும், ஊருக்கு வடக்கே தூர்வாரிகள் நின்ற துறையும். அதற்கு இன்று ஆம்பர் வளைகுடா என்று பெயர். தண்ணீருக்குள் நாணலால் கட்டிய சிற்பங்கள் நிற்கின்றன, வாத்து நீந்துகிறது, ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். அந்த வீடியோக்காரரும் அங்கேதான் நின்று "காலங்காலமான அமைதி" என்று பேசியிருப்பார் என்பது என் ஊகம்.

நவம்பர் 6

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன முக்கியமான பாதி இது.

தூர்வாரிகள் சேற்றோடு வேறு சிலதும் கொண்டுவந்தன: துளையிட்ட பதக்கங்கள், பொத்தான்கள், தட்டையான சின்ன மனித உருவங்கள். எல்லாம் கற்கால வேலை. கம்பெனிக்கு வேலை பார்த்த புவியியலாளர் ரிச்சர்ட் கிளெப்ஸ் 1882இல் அவற்றைப் படம் வரைந்து வெளியிட்டார். 434 பொருட்கள். கோனிக்ஸ்பெர்கில் (இன்றைய கலினின்கிராட்) இருந்த அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் தொலைந்துவிட்டது. கொஞ்சம் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிழைத்துக் கிடக்கிறது. லித்துவேனிய அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பது நகல்.

அந்த மனித உருவங்களின் நகலைப் பலாங்காவில் பார்த்தேன். முகத்தில் மூக்குக்கு ஒரு நேர்கோடு, கண்ணுக்கு இரண்டு குழி, அவ்வளவுதான். இடுப்புப் பக்கம் துளை, கோத்துக் கட்டிக்கொள்ளவோ ஆடையில் தைக்கவோ. அந்த ஆள் பொறுக்கிய ஆம்பரை அவனே வைத்துக்கொண்டான். அதன்பின் இந்தக் கரையில் அப்படி வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் குறைவு.

(எல்லாரும் ரஷ்ய அரண்மனையில் ஆம்பரால் இழைத்து, போரில் தொலைந்த ஆம்பர் அறையைத் தேடுகிறார்கள். இந்தப் பொம்மைகளைத் தேடத்தான் ஆளில்லை.)

நவம்பர் 18

கடையில் வாங்குவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உப்புத் தண்ணீர் சோதனை: ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் குவித்துப் போட்டுக் கரையுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரீன் மிதக்கும். கோபால் என்கிற இளம் பிசினும் மிதக்கும் (நம்ம கோபால் இல்லை). ஆகவே மிதந்தது என்று குதிக்க வேண்டாம், மூழ்கினால் அநேகமாகப் போலி என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோபால்மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் பிசுபிசுக்கும், ஆம்பர் அசையாது. சூடான ஊசி வைத்தால் ஆம்பரில் பிசின் வாசனை வரும், சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில். பிளாஸ்டிக் நாறும். கடைக்காரர் முன்னால் ஊசியை எடுக்காதீர்கள்.

உள்ளே வட்ட வட்டமாக மின்னும் செதில் இருந்தால், அது சூடேற்றியது. போலி இல்லை, ஆனால் இயற்கையும் இல்லை. தூளையும் சின்னத் துண்டுகளையும் சூடாக்கி அழுத்திக் கட்டியாக்கியதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே செய்கிறார்கள், புகைக்குழாய் வாய்முனைக்கு அது நிறையப் போனது.

பிசினுக்குள் முழுப் பல்லி சிக்கிய துண்டு மலிவாகக் கிடைக்கிறதா? நடையைக் கட்டுங்கள்.

நவம்பர் 19

பல் முளைக்கும் குழந்தைக்கு ஆம்பர் மாலை நல்லதாமே என்று ஒரு தாய்.

வேண்டாம் அம்மா. வலி குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கழுத்து இறுகும், மணி தொண்டையில் சிக்கும். அமெரிக்க மருந்துத் துறை 2018இல் இதற்கு எச்சரிக்கையே விட்டது.

டிசம்பர் 2

ஆம்பர் இல்லாத நாட்களில் அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை: காக்கை.

விளையாட்டு இல்லை. மணல்திட்டின் மேல் இலையுதிர் காலத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும். மீனவர்கள் மணலில் வலை விரித்து, இரை போட்டு, காக்கை பிடித்தார்கள். இரண்டு கையும் வலையில் இருக்கும், ஆகவே மண்டையைப் பல்லால் கடித்துக் கொல்வது வழக்கம். அதனாலேயே அவர்களுக்குக் 'காக்கை கடிப்பவர்கள்' என்று பட்டப்பெயர். பீப்பாயில் உப்புப் போட்டுக் குளிர்காலத்துக்கு வைப்பார்கள். மறுபடி உப்பு, கவனியுங்கள்.

படகுக் கம்பத்து உச்சியில் வண்ண மரக் கொடி பார்த்திருப்பீர்கள், இப்போது ஒவ்வொரு பரிசுக் கடையிலும் தொங்குகிறது. அது பக்தியும் இல்லை, கலையாகத் தொடங்கியதும் இல்லை. 1844இல் மீன்வளக் கண்காணிப்பாளர் பேர்போம், எந்த ஊர்ப் படகு என்று தூரத்திலிருந்தே தெரிய, ஊருக்கு ஒரு கொடி என்று உத்தரவு போட்டார். சட்டவிரோதமாக மீன் பிடிப்பவனைப் பிடிக்க. மீனவர்கள் அந்த நம்பர் பலகையைச் சுற்றி வீடு, மரம் எல்லாம் செதுக்கி அழகாக்கிவிட்டார்கள்.

டிசம்பர் 9

பொழுதுபோகாத ஞாயிறு. "பாரம்பரியம்" என்ற சொல்லை நானும் இதற்கு முன் வாயால் நிறையச் சொல்லியிருக்கிறேன். யோசித்தால் அது இங்கே சரியாக உட்காரவில்லை.

மணல்திட்டில் பரம்பரையாக வாழ்ந்தவர்கள் குர்ஸேனியேகி மக்கள். லாட்வியத்துக்கு நெருக்கமான பேச்சு, ஜெர்மன் பள்ளி. 1944-45இல் சோவியத் படை நெருங்கியபோது அவர்களில் பெரும்பாலோர் ஓடினார்கள். திரும்பி வந்த கொஞ்சப் பேரும் 1950களின் இறுதியில் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். காலி வீடுகளில் குடியேறியவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். ஆகவே யுவட்கிராந்தே கரையில் இன்று நிற்பவர் தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னால், அந்தத் தாத்தாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

வடக்கே பலாங்கா, ஷ்வெந்தோயி பக்கம் வேறு மாதிரி. அங்கே மக்கள் தொடர்ந்து இருக்கிறார்கள், பட்டறைகளும் பழையவை. கடலுக்கடியில் ஆம்பர் மாளிகை கட்டி வாழ்ந்த யூராத்தே தேவதை, ஷ்வெந்தோயி மீனவன் கஸ்தீதிஸ்மேல் ஆசைப்பட, இடிக் கடவுள் பெர்கூனஸ் மாளிகையை உடைத்தெறிந்தார், அந்தச் சில்லுகள்தான் ஆம்பர் என்ற கதையும் அந்தப் பக்கத்துக் கதைதான். எழுத்தில் வந்தது 1842இல்.

ஆனால் கார்க்லேயில் பார்த்த அந்த அம்மாளின் விரல்களை நினைத்தால் இந்த வாதமும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வம்சம் அறுந்தாலும் கை வேலை அறாமல் தொடர்கிறது. காற்றையும் குப்பையையும் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கடல் போதும். கையேடுகள் "ஆயிரமாண்டு மரபு" என்று எழுதுவதில் ஆயிரமாண்டு இருந்தது பிடுங்கியவர்களின் மரபு. பொறுக்கியதைத் தானே வைத்துக்கொண்டு ஜன்னலில் அடுக்கும் சுகம் புதிது, அதனால்தான் அந்த அம்மாள் விற்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 10

"கவித்துவமா இருக்கு, ஆனா விலை நல்லா வந்தா வித்துருவாங்க" என்று கீழே ஒருவர். சீனாவில் பால் நிற ஆம்பருக்கு மவுசு ஏறிய காலத்தில் நிறையப் பேர் விற்றார்கள்தான். அந்த அம்மாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஜனவரி 11

இரவில் கரையில் ஊதா வெளிச்சம் அலைகிறதே, என்ன என்று கேட்டவருக்கு: புற ஊதா விளக்கு. ஆம்பர்மேல் பட்டால் வெளிர் நீலமாக, சிலது மஞ்சள் பச்சையாக ஒளிரும். தலையில் ஒரு விளக்கு, கையில் ஒரு விளக்கு, மைனஸ் ஐந்தில் நடக்கிறார்கள். பகலில் கண்ணுக்குத் தப்பியது இரவில் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். பகல் ஆட்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. விளக்கு வைத்தால் அது தேடலா, அறுவடை என்கிறார்கள். எனக்கு விளக்கு பிடித்திருக்கிறது. சோம்பேறிகளுக்கும் ஏதாவது வேண்டுமே. சிப்பியில் சிலதும் பிளாஸ்டிக்கில் சிலதும் ஒளிரும், குனிந்து ஏமாறலாம்.

ஜனவரி 31

யந்தார்னி போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பால்ம்னிக்கனின் இன்றைய பெயர் அது, ரஷ்யப் பக்கம் இருக்கிறது. உலக ஆம்பரில் பெரும்பங்கு அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்துதான். எல்லை, விசா நிலவரம் தெரியாமல் கிளம்ப வேண்டாம்.

போனால் கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கும். நாஜிகள் தங்கள் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமின் கிளைகளிலிருந்து பனியில் நடத்திக் கூட்டிவந்த சுமார் 3000 யூதக் கைதிகள், பெரும்பாலும் பெண்கள். 1945 ஜனவரி 31 இரவு அவர்களை உறைந்த கடலுக்குள் விரட்டிச் சுட்டார்கள். முதலில் ஆம்பர்ச் சுரங்கத்துக்குள் அடைத்து மூடுவதுதான் திட்டம். இன்று அதே தேதி, அதனால் எழுதினேன். ஆம்பர் பொறுக்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும்.

பிப்ரவரி 20

மார்ச்சில் வருவதாக முதல் கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். சரி, வேலைக்கு வருவோம்.

ரப்பர் காலணி முழங்கால் வரை, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. கையுறையில் விரல்நுனி வெட்டியது. மூடி போட்ட தகர டப்பா. குப்பை கிளற ஒரு குச்சி, அது கரையிலேயே கிடைக்கும். வலை எல்லாம் வேண்டாம். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்குவது பழகாத உடம்புக்கு ஆபத்து, கரையில் ஒதுங்கியதே உங்களுக்குப் போதும்.

முந்தின நாள் மேல்காற்று அடித்திருந்தால் காலை வெளிச்சம் வருவதற்குள் கார்க்லே. காற்றே இல்லையென்றால் பலாங்கா அருங்காட்சியகம். 1897இல் கட்டிய டிஷ்கியேவிச் மாளிகையில் 1963இல் திறந்தது, மூன்றரைக் கிலோ 'சூரியக் கல்' அங்கேதான். யுவட்கிராந்தேவுக்குக் கொக்கும் நீர்க்காக்கையும் கூடு கட்டும் காட்டைப் பார்க்கப் போங்கள். மார்ச்சில் சத்தமும் நாற்றமும் தொடங்கியிருக்கும். திரும்பும்போது வாட்டிய மீன் வாங்கலாம், விலாங்கு விலை அதிகம், பிரீம் மீனே போதும். முள் ஜாஸ்தி.

விமானத்தில் கொண்டுபோவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிடைக்கட்டும்.